ரசத்தில் கரைத்த மாத்திரை

“பொய் சொல்வது பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்தேன், சுவாமி. வாயைத் திறக்காமலே ஒருவரை ஏமாற்றினால் அதுவும் பொய்தானா?”

இப்படித் தொடங்குகிறது நமக்கு வந்த ஒரு கடிதம். எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் தாய். தம்மைப்போல் வேறு வீடுகளிலும் இந்தச் சங்கடம் இருக்கும், ஆகையால் பெயரும் ஊரும் தெரியாதபடி இதை இந்தப் பக்கத்தில் எடுத்துப் பேசலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். அவருடைய கணவருக்கு வருஷத்தில் ஒரு தடவையோ இரு தடவையோ ஒரு வேகம் வரும். இரவில் 2 மணி நேரம் தூங்கினால் போதும், களைப்பே தெரியாது. பேச்சு ஓயாது. கண்டவரிடமெல்லாம் கூட்டு வியாபாரம் பேசுவார். ஒரு முறை கடன் வாங்கி 3 தையல் யந்திரங்களைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கினாராம். வீட்டில் தைக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. சில வாரங்களில் அந்த வேகம் அடங்கி, மறுபக்கம் புரண்டுவிடும். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், குளிக்க மாட்டார், “நான் உங்களுக்கெல்லாம் பாரம்” என்பார். பெரிய ஆஸ்பத்திரி வைத்தியர் பார்த்துவிட்டு, இது இருமுனை மனநிலைக் கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். “எனக்கென்ன பைத்தியமா?” என்ற ஒரே சொல்லோடு மாத்திரை அட்டை சாக்கடைக்குப் போயிற்று.

அதற்குப்பின் ஓர் உறவுக்காரப் பெண் யோசனை சொல்ல, இந்தச் சகோதரி வைத்தியரிடம் தனியே போய்ச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு, மாத்திரையைப் பொடித்து இரவு ரசத்தில் கரைத்துவந்தார். 4 மாதமாயிற்று. கணவர் தூங்குகிறார், வேலைக்குப் போகிறார், பிள்ளைகளோடு சிரிக்கிறார். “பார்த்தாயா, மருந்து மாத்திரை இல்லாமலே சரியாகிவிட்டது” என்கிறார். இப்போது மஸ்கட்டில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் 5 வாரத்தில் பிரயாணம்.

“அங்கே ரசம் வைத்துக் கொடுக்க நான் இல்லையே, சுவாமி” என்று கடிதம் முடிகிறது.

வாசகரே, இந்தக் கடிதத்தைப் படித்ததும் நமக்குக் கண்டிக்கத் தோன்றவில்லை. 4 மாதம் ஒவ்வோர் இரவும் கை நடுங்க ரசம் ஊற்றிய ஒரு மனைவியை, அந்தக் கஷ்டத்தை அறியாத நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விசாரிப்பது அழகல்ல. ஆனாலும் அவர் கேட்டது கேள்வி. கேள்விக்கு ஆறுதலை மட்டும் பதிலாக அனுப்பினால், அதுவும் ஒருவித ரசமாகிவிடும்.

முதலில், ஏன் மறுக்கிறார்கள்? வீட்டார் இதைப் பிடிவாதம் என்றும், குடும்பத்தின்மேல் அன்பில்லாமை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு. கால் முறிந்தவனுக்குக் கால் முறிந்தது தெரியும். மனம் நோயுற்றவனோ, எந்த மனதைக்கொண்டு தன்னைப் பார்க்கவேண்டுமோ அந்த மனமே நோயுற்றிருக்கிறது. வேகம் மிகுந்த நாட்களில் தன் வாழ்நாளிலேயே இவ்வளவு சுகமாக இருந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றும்; அப்போது மருந்தைக் கொண்டு நீட்டினால், கிடைத்த சந்தோஷத்தைப் பிடுங்க வந்தவர்களாகவே நாம் தெரிவோம். சோர்வு மிகுந்த நாட்களிலோ, தான் குணமாகத் தகுதியற்றவன் என்று நினைக்கிறான். இடையில் தெளிந்திருக்கும் நாட்களில், வியாதிதான் போய்விட்டதே, மருந்து எதற்கு என்கிறான். இதற்கு மேல் மருந்தின் தொல்லைகள் வேறு: உடம்பு பெருக்கிறது, கை நடுங்குகிறது, நாக்கு வறள்கிறது, மனம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. இவை கற்பனையல்ல. அதையும் கடந்தால் ஊர் இருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் மனநோய் மாத்திரை அட்டை கண்ணில் படுவதைவிட, நோயே மேல் என்று எண்ணுகிற குடும்பங்களை நாம் அறிவோம். ஒரு மனிதன் மறுக்கிறான் என்றால், இவற்றில் எதற்காக மறுக்கிறான் என்று கேட்டிருக்கிறோமா? இந்தக் கடிதத்தில் அந்த ஒன்று மட்டும் இல்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். வாயால் சொல்லாத பொய்யும் பொய்தான். அவர் ரசம் என்று நம்பிக் குடிக்கிறார். அந்த நம்பிக்கையை வைத்தே காரியம் நடக்கிறது. அர்ச். அகுஸ்தீன் பொய்யைக் கண்டித்து எழுதிய நூலில் இதைப்போன்ற ஒரு சங்கடத்தை எடுத்துக்கொள்கிறார். ஒருவன் கடும் நோயில் கிடக்கிறான். அவனுடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவனுக்குத் தெரியாது. “என் மகன் உயிரோடிருக்கிறானா?” என்று கேட்கிறான். உண்மையைச் சொன்னால் அந்த அதிர்ச்சியில் தகப்பனும் போய்விடுவான். என்ன சொல்வது? அர்ச்சியசிஷ்டவர் பொய் கூடாது என்றுதான் முடிக்கிறார். ஆனால் இந்த வழக்கு தம் நெஞ்சை எப்படி அசைக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டே முடிக்கிறார். அவருக்கே இலேசாக இல்லாதது நமக்கு மட்டும் இலேசாக இருக்கலாகாது. அர்ச். தோமாஸ் அக்வினாஸ், பொய் சொல்லலாகாது என்றும், ஆனால் விவேகத்தோடு உண்மையை மூடி வைக்கலாம் என்றும் பிரித்துக் காட்டுகிறார். மூடி வைப்பது ஒன்று, மாற்றிக் காட்டுவது வேறு.

ஒருவர் இங்கே குறுக்கிட்டு, “காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கசப்பு மாத்திரையை வெல்லத்தில் வைத்து ஊட்டுவதில்லையா?” என்று கேட்பார். ஊட்டுகிறோம். குழந்தைக்காகத் தீர்மானிக்கும் அதிகாரம் தாய்க்கு உண்டு. கணவனைக் குழந்தையாக்கிக்கொள்ளும் அதிகாரத்தை மெய்விவாகம் மனைவிக்குக் கொடுக்கவில்லை. மனைவியைக் குழந்தையாக்கும் அதிகாரத்தைக் கணவனுக்கும் கொடுக்கவில்லை. (பின்னதைப் பல ஆண்கள் கேள்விப்பட்டதே இல்லை.)

பாவம் ஒருபுறம் இருக்கட்டும். உடம்பின் காரியமே இதில் கெடுகிறது. இந்த மருந்துகளில் பல தூக்கத்தை வருவிப்பவை. தெரியாமல் உட்கொண்டவர் மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார். லித்தியம் என்ற உப்பு இந்த நோய்க்கு நீண்டகாலமாகப் பெயர்பெற்ற மருந்து. ஆனால் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் அதில் இடைவெளி குறைவு. அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்துக்கொண்டேதான் கொடுக்கவேண்டும். பேதியாகி உடம்பில் நீர் வற்றினாலும், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரை சேர்ந்தாலும் அளவு ஏறிவிடும். வேறொரு வைத்தியர் “என்ன மருந்து சாப்பிடுகிறீர்?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்று அவர் மனச்சாட்சியோடு சொல்வார். அந்த வைத்தியரும் ஏமாறுவார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது மனநோய் முற்றியவர்கள் சிலருக்கு ஒரு நோய்க்குறி. “அப்படி ஒன்றுமில்லை, என்னை நம்புங்கள்” என்று மனைவி சொல்லும் வார்த்தைதான் அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளும் கயிறு. அந்தச் சந்தேகம் உண்மையாகவே இருந்துவிட்டால், அடுத்தமுறை கயிறு எங்கே?

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம், அவர் கற்றுக்கொண்ட பாடம். மருந்தால் குணமான மனிதர், மருந்தில்லாமல் குணமானதாக 4 மாதமாகப் படித்துவிட்டார். மஸ்கட்டுக்குப் போகிறவர் அந்தப் பாடத்தோடு போகிறார்.

இதே சங்கடத்தோடு 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு கணவரைப்பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்ல. யூதக் குடும்பத்தில் பிறந்து, எந்த வேதத்தையும் அநுசரிக்காதவர். ஆனால் தமிழ் எழுத்து அறிந்தவர். லெனர்ட் உல்ஃப் என்ற அந்த ஆங்கிலேயர் 1904-ல் இலங்கைக்கு அரசாங்க உத்தியோகஸ்தராக வந்து, முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1911-ல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் வர்ஜீனியா ஸ்டீபன் என்பவரை மணந்தார். பின்னால் வர்ஜீனியா உல்ஃப் என்று உலகறிந்த நாவலாசிரியை அவரே. தாயை இழந்த 13-வது வயதிலிருந்தே அவருக்கு மனநோய் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அது இந்தச் சகோதரி எழுதிய அதே நோய் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

1913-ல் நோய் கடுமையாகத் திரும்பியது. அந்த வருஷம் வர்ஜீனியா உயிரை விடவும் முயன்றார். மனைவியின் உடல்நிலையைக் கணவர் நாள்தோறும் டயரியில் குறித்துவந்தார். பிறர் கண்ணில் பட்டாலும் விளங்காதபடி தமிழ், சிங்கள எழுத்துக்களைக் கொண்டு எழுதினார். யாழ்ப்பாணத்தில் கச்சேரிக் காரியத்துக்காகக் கற்ற எழுத்து, இங்கிலாந்தில் மனைவியின் கண்ணீரை மறைக்க உதவிற்று. குழந்தை பெறலாமா என்று வைத்தியர்களை ஒருவர்பின் ஒருவராகப் போய் அவரே கேட்டார். அவர்கள் ஒன்றுபோல் சொல்லவில்லை. வேண்டாம் என்ற பக்கம் முடிவாயிற்று. அந்த முடிவில் மனைவிக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதைப்பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. பிள்ளையில்லாத குறையை வர்ஜீனியா பிற்காலத்தில் வருந்தி எழுதியிருக்கிறார்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தைப் பாருங்கள். நோய் மிகுந்தபோது வர்ஜீனியா உணவைத் தொட மாட்டார். தமக்கு நோய் என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார். கணவர் பக்கத்தில் உட்காருவார். கரண்டியை அவர் கையில் வைப்பார். மெல்லிய குரலில் சாப்பிடச் சொல்லி, கையையோ தோளையோ இலேசாகத் தொடுவார். சிறிது நேரம் சென்றபின் ஒரு வாய் உள்ளே போகும். மறுபடி காத்திருப்பார். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி, இரண்டு மணி நேரமாகும் என்று 1964-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவர் எழுதுகிறார். 1915-ல் நோய் மீண்டும் பொங்கியபோது, அதே மனைவி அவர்மேலேயே கோபங்கொண்டு, சிலகாலம் அவரைப் பார்க்கவும் மறுத்தார். அதையும் பொறுத்தார். அதற்குப்பின் பல வருஷங்கள் வர்ஜீனியா பெரும்பாலும் தெளிவோடிருந்து, தம் பெரிய நூல்களையெல்லாம் எழுதினார். அவற்றில் 1925-ல் வெளிவந்த ஒரு நாவலில், நோயாளியின் மனதைக் கேளாமல் கட்டளையிடும் ஒரு பெரிய வைத்தியரைப் படைத்திருக்கிறார். படிப்பவருக்கு அந்த வைத்தியர்மேல் அன்பு வராது.

1941 மார்ச்சில் நோய் திரும்புவதைக் கணவர் கண்டார். 27-ம் தேதி, குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண் வைத்தியரிடம் மனைவியை அழைத்துப்போனார். தமக்கு ஒன்றுமில்லை என்று மறுத்த வர்ஜீனியா, பழையபடி படுக்கைவாசச் சிகிச்சைக்கு உத்தரவிடக் கூடாது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டார். கணவரும் வைத்தியரும் தனியே பேசினார்கள். இரவும் பகலும் தாதிகளைக் காவல் வைத்து அடக்கினால், அந்த அதிர்ச்சியே அவரை விளிம்புக்குத் தள்ளிவிடும். வைக்காவிட்டால் அதுவும் ஆபத்து. வற்புறுத்த வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். மறுநாள் வர்ஜீனியா உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தத் தீர்மானம் சரியா, தவறா? நமக்குத் தீர்ப்புச் சொல்லத் துணிவில்லை. அன்று அந்த வைத்தியர் கையில் நல்ல மருந்தும் இல்லை; லித்தியத்தின் பயனை ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட் வெளியிட்டதே 1949-ல்தான். அறிந்தவரைக் கேட்டு, அன்போடு யோசித்து, இரண்டு ஆபத்தில் ஒன்றை ஏற்றுக்கொண்டவன், பின்னால் வந்த மரணத்துக்குக் குற்றவாளி அல்ல. இதை அப்படிப்பட்ட மரணம் நேர்ந்த வீட்டார் யாராவது படித்தால், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். நோயால் நொறுங்கிய மனதின் பொறுப்பு வெகுவாய்க் குறைந்தது என்று திருச்சபையும் போதிக்கிறது.

லெனர்டின் வாழ்க்கையில் நாம் பார்ப்பது வேறொன்று. வைத்தியர்களோடு தனியே பேசி முடித்தது பின்னாளில் மனத்தாங்கலுக்கு இடமாயிற்று. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது அப்படி ஆகவில்லை. அந்தக் கரண்டியில் என்ன இருக்கிறது, அதை யார் நீட்டுகிறார் என்று மனைவிக்குத் தெரியும். நோயாளி எப்போதும் நோயாளியாகவே இருப்பதில்லை, ஒருநாள் தெளிவார். அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்து, “உம் மனம் கலங்கியிருந்தபோது இன்னது செய்தேன்” என்று நம்மால் சொல்ல முடியுமானால், அவர் அழலாம், ஏசலாம், ஆனால் நம்மிடம் பிரமாணிக்கம் குறையவில்லை. சொல்லவே முடியாது, சாகும்வரை மூடிவைக்கவேண்டும் என்றால், அதைத் தொடங்குமுன்னே நின்று யோசிக்கவேண்டும்.

இந்த அளவுகோல் பலவந்தத்தை முழுதும் விலக்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பலவந்தம் செய்யலாம், செய்யவேண்டும், வெளிப்படையாகச் செய்யவேண்டும். சாவைப்பற்றிப் பேசுகிறார், தூக்கமும் உணவும் அடியோடு போயிற்று, பிள்ளைமேல் கை ஓங்குகிறார் என்றால், அவர் சம்மதத்துக்குக் காத்திருப்பது மரியாதையல்ல. நம் நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது: தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் நிலையில் இருப்பவரையும், தன்னைப் பேண முடியாதவரையும், இருவர் தனித்தனியே பரிசோதித்து (அவர்களில் ஒருவர் மனநல வைத்தியராக இருக்கவேண்டும்), அவர் சம்மதியாவிட்டாலும், 30 நாள்வரை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். அன்று அவர் நம்மைச் சபிப்பார். சபிக்கட்டும். தெளிந்தபின் அதை அவரிடம் சொல்ல முடியும். அடி தாங்கிக்கொண்டு வீட்டிலேயே கிடக்கவேண்டும் என்று எந்த விவாகமும் கட்டளையிடவில்லை. பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய் அங்கிருந்தே ஆளனுப்பலாம்.

அதே சட்டத்தில் வெகு சிலரே அறிந்த ஒரு வசதி உண்டு. தெளிவாயிருக்கும் காலத்தில், “எனக்கு மறுபடி நோய் வந்தால் இன்ன சிகிச்சை கொடுக்கலாம், இன்னது வேண்டாம், எனக்காக இன்னார் பேசட்டும்” என்று ஒருவர் தாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். நோயில் மறுப்பவரும் தெளிவில் சம்மதித்திருப்பவரும் ஒரே மனிதர்தான். இரண்டில் எந்தக் குரலுக்குச் செவிகொடுப்பது என்ற கேள்விக்கு அவரே முன்கூட்டிப் பதில் சொல்ல இடமிருக்கிறது. தெளிந்த மாதங்களைத்தான் நாம் வீணாக்குகிறோம். நல்லபடியாக இருக்கும்போது எதற்கு அந்தப் பேச்சு என்று பயந்து, நோய் வந்தபின் பேசத் தொடங்குகிறோம்.

ஆகவே, சகோதரி, உங்களுக்கு நம் பதில். அவரிடம் சொல்லுங்கள். பிரயாணத்துக்கு முன்னால் சொல்லுங்கள். ஆனால் நாளைக்கே ரசத்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். முதலில் வைத்தியரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நாளில், யார் முன்னிலையில் கணவரிடம் சொல்வது என்று அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். வைத்தியர் கிடைக்காத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது 2022-ல் தொடங்கிய அரசாங்க மனநல உதவி. இரவிலும் உண்டு, தமிழிலும் உண்டு, பணமில்லை. கணவர் சாவைப்பற்றிப் பேசினால், எந்த நேரமானாலும் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள்.

சொல்லும்போது, “உங்களுக்கு வியாதி” என்று தொடங்காதீர்கள். அந்த வழக்கை 4 மாதம் முன்பே தோற்றுவிட்டீர்கள். “உங்களுக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன், பயத்தினால் செய்தேன்” என்று தொடங்குங்கள். பிறகு மாத்திரையில் அவருக்குப் பிடிக்காதது என்ன என்று கேளுங்கள். உடம்பு பெருப்பதா, கை நடுக்கமா, ஊர் வாயா? பெருப்புக்கும் நடுக்கத்துக்கும் வைத்தியர் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். ஊர் வாய்க்கு மஸ்கட் தூரம். அந்த 4 மாதத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே கணக்குப் பார்க்கட்டும்.

கோபிப்பார். சாப்பிடாமல் எழுந்து போகலாம். சில நாள் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். அதற்காக மறுபடி ஒரு சமாதானக் கதை கட்டாதீர்கள். சட்டியை அவர் முன்னாலேயே அடுப்பிலிருந்து இறக்குங்கள், கரண்டியை அவர் பக்கம் வையுங்கள், அவரே பரிமாறிக்கொள்ளட்டும்.